4.3 என்பது எதன் கணக்கு? ஹீட் பம்ப் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வீடுகளுக்கு ஹீட் பம்ப் செய்து விற்கும் நிறுவனங்களின் பொறியாளர்களுக்கும் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற குளிர்காலத்தின் தொடக்கத்தில், என் வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்பின் திரையில், மாத முடிவுக் கணக்காக 4.3 என்ற எண் வந்து நின்றது. ஒரு யூனிட் மின்சாரத்தை எடுத்துக்கொண்டு 4.3 யூனிட் வெப்பத்தை வீட்டுக்குத் தந்திருக்கிறது என்று அதற்குப் பொருள். மகிழ்ச்சியோடு அக்காவைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். அவர் வீட்டில் இருப்பது வேறொரு நிறுவனத்தின் இயந்திரம். எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, "எனக்கு 3.4 தான் காட்டுகிறது" என்றார். சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, "நீ சொன்னதையே வாங்கியிருக்க வேண்டும் தம்பி. அவசரப்பட்டுத் தப்பான பெட்டியை வாங்கிவிட்டேன்" என்றார்.

அக்கா வாங்கியது தப்பான பெட்டி அல்ல. இரண்டில் அதுதான் மேலான இயந்திரம். இதை உறுதியாகத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு முழுக் குளிர்காலம் ஆனது. இரண்டு வீட்டிலும் தனித்தனியே மீட்டர் பொருத்த வேண்டியிருந்தது, ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய எழுத வேண்டியிருந்தது. நீங்கள் அந்த எண்ணை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்பதையும் அதன் பக்கத்திலேயே எழுதியிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது. அதற்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் உங்கள் இயந்திரங்களை வெறுப்பவன் அல்லன். ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்குவதில்லை, இறைக்கிறது. வெளிக்காற்றிலும் மண்ணிலும் கிடக்கும் வெப்பத்தை எடுத்து, அதைவிடச் சூடான இடத்தில் கொண்டுவந்து சேர்க்கிறது. 1852இல் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்டவர், இந்த முறையில் கட்டடங்களைச் சூடாக்கலாம் என்று எழுதினார். அவர் ஏட்டில் எழுதியதை நீங்கள் வீட்டின் பின்புறத்தில் ஒரு பெட்டியாகக் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்கள். அதன் மீது எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. மதிப்பு இருப்பதால்தான் அதன் கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

இறைப்பது என்றாலே முதலில் கேட்க வேண்டியது ஆழம். வெளியே 0 டிகிரி, வீட்டுக் குழாய்களுக்குள் செல்லும் நீர் 35 டிகிரி என்றால், இந்தக் கிணற்றின் ஆழம் 35 டிகிரி. பழைய ரேடியேட்டர்களுக்கு 55 டிகிரி நீர் வேண்டுமென்றால் ஆழம் 55. பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ 1824இல் போட்ட அடித்தளத்தின்படி, முதல் வீட்டில் எந்த இயந்திரமும் தாண்ட முடியாத உச்சவரம்பு ஏறத்தாழ 8.8. இரண்டாவது வீட்டில் ஏறத்தாழ 6. வீட்டு இயந்திரம் இந்த வரம்பில் பாதியை எட்டினாலே மெச்சத்தக்கது. ஆகவே ஒருவர் "எனக்கு 4" என்றும் இன்னொருவர் "எனக்கு 3" என்றும் சொல்லும்போது, இருவரும் எவ்வளவு ஆழத்திலிருந்து இறைத்தார்கள் என்று தெரியாமல் யார் இயந்திரம் நல்லது என்று சொல்லவே முடியாது. உங்கள் திரையில் அந்த 4.3 மட்டும் பெரிதாக ஒளிர்ந்தது. ஆழம் எங்கும் இல்லை.

அக்காவுடன் பேசிய அடுத்த வாரம் இரண்டு மீட்டர்களை வாங்கி என் வீட்டில் பொருத்தச் சொன்னேன். ஒன்று, ஹீட் பம்புக்கும் அதைச் சேர்ந்த எல்லாவற்றுக்கும் போகும் மின்சாரத்தை அளக்கும் மின் மீட்டர். மற்றொன்று, நீர்க்குழாயில் பொருத்தும் வெப்ப மீட்டர். இந்த வெப்ப மீட்டரின் வேலை எளிமையானது. எத்தனை லிட்டர் நீர் ஓடியது, போகும்போது எத்தனை டிகிரி, திரும்பும்போது எத்தனை டிகிரி, இவ்வளவுதான். ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்க 1.163 வாட்-மணி வேண்டும். மணிக்கு 1,200 லிட்டர் ஓடி, போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் 5 டிகிரி வித்தியாசம் இருந்தால், வீட்டுக்குள் இறங்கும் வெப்பம் ஏறத்தாழ 7 கிலோவாட்.

முழுதாக ஒரு மாதம் ஓடியபின் இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். உங்கள் திரை சொன்னது: வெப்பம் 1,290 யூனிட், மின்சாரம் 300 யூனிட், விகிதம் 4.3. என் மீட்டர்கள் சொன்னது: வெப்பம் 1,190 யூனிட், மின்சாரம் 350 யூனிட். வகுத்துப் பார்த்தால் 3.4. அக்கா வீட்டுத் திரையில் இருந்த அதே 3.4.

அந்த 50 யூனிட் மின்சாரம் எங்கே போனது என்று தேடினேன். வீட்டுக் குழாய்களில் நீரைச் சுற்றவிடும் பம்பு 40 வாட் எடுக்கிறது. மாதம் 700 மணி நேரம் ஓடியதில் 28 யூனிட். அதை உங்கள் கணக்கு எடுத்துக்கொள்ளவில்லை. கடுங்குளிர் விழுந்த இரண்டு இரவுகளில் துணைக்கு வந்த மின்சூடேற்றி எடுத்ததும் கணக்கில் இல்லை. அதற்குத் தனி இணைப்பு என்பதுதான் காரணமாம். மிச்சம், இயந்திரம் சும்மா நிற்கும்போது அதன் மின்னணுப் பலகையும் கம்ப்ரசரின் எண்ணெயை வெதுவெதுப்பாக வைத்திருக்கும் சிறு சூடேற்றியும் தின்றது. 15 வாட் என்றால் அற்பமாகத் தோன்றும். ஓர் ஆண்டு முழுக்க அப்படியே எரிந்தால் 131 யூனிட். வெயில் காலத்தில் இயந்திரம் ஒரு சொட்டு வெப்பம் தராத நாட்களிலும் அந்த மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது.

வெப்பத்தின் பக்கம் நடந்தது இன்னும் முக்கியம். என் குழாய்களில் ஓடுவது வெறும் நீர் அல்ல. உறையாமல் இருக்கக் கிளைக்கால் (glycol) என்ற திரவம் கலந்திருக்கிறது. என் வீட்டில் இருக்கும் அளவில் கலந்த நீர், வெறும் நீரைவிட ஏறத்தாழ 5 சதவீதம் குறைவான வெப்பத்தையே சுமக்கும். என் வெப்ப மீட்டரில் எந்தக் கலவை என்று சொல்லும் வசதி உண்டு. உங்கள் திரையோ வெறும் நீர் என்றே எண்ணிக்கொண்டு பெருக்குகிறது. 1,290இல் 5 சதவீதம் 64 யூனிட்டுக்கு மேல். ஒரு மாதத்தில் இல்லாத வெப்பம் அவ்வளவு எழுதப்பட்டுவிட்டது.

மிச்சம் 36 யூனிட் எங்கே போனது என்பதை ஒருநாள் அதிகாலையில் கண்ணாலேயே பார்த்தேன். ஐந்து மணி இருக்கும். வெளிப்பெட்டியின் பின்பக்கத் தகடுகளில் பனி வெள்ளையாகப் படிந்து, இடைவெளியே தெரியாமல் அடைத்திருந்தது. திடீரென்று விசிறி நின்றது. உள்ளே வால்வு ஒன்று 'டக்' என்று திரும்பியது, நீண்ட சீறல் ஒன்று கேட்டது. அரை நிமிடத்தில் பெட்டி முழுவதும் ஆவி சூழ, அடியில் நீர் கொட்டத் தொடங்கியது. இயந்திரம் தன் மீது படிந்த பனியை உருக்கிக்கொள்கிறது. அதற்கான வெப்பத்தை எங்கிருந்து எடுக்கிறது? என் வீட்டிலிருந்து. உள்ளே ஓடிவந்து வெப்ப மீட்டரைப் பார்த்தேன். போகும் குழாயில் 27 டிகிரி, திரும்பும் குழாயில் 32. அம்புக்குறி தலைகீழாகியிருந்தது, எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி. அதே நேரத்தில் உங்கள் திரையில் வெப்பம் 0 என்று நின்றது. கழிக்கவில்லை, நிறுத்திவைத்தது அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 0.4 யூனிட் வெப்பம் வீட்டிலிருந்து திரும்பப் போகிறது. நாளுக்கு மூன்று முறை, மாதத்துக்குத் தொண்ணூறு முறை. தந்ததை மட்டும் எழுதி, திரும்ப எடுத்ததை எழுதாமல் விடும் கணக்குப் புத்தகத்தை எந்தக் கடைக்காரரும் ஏற்கமாட்டார்.

தனி மீட்டர் வைத்தாலே உண்மை வந்துவிடும் என்றும் சொல்லமாட்டேன். முதல் வாரம் நானே தவறாக அளந்தேன். பொருத்த வந்தவர் வெப்பநிலை சென்சார்களைக் குழாயின் வெளிப்புறத்தில் பிளாஸ்டிக் பட்டையால் கட்டிவிட்டுப் போயிருந்தார். சந்தேகம் வந்து இரண்டையும் கழற்றி ஒரே பாத்திர நீரில் அமிழ்த்தினேன். ஒரே நீரில் ஒன்று 31.2 என்றது, மற்றது 31.6 என்றது. 0.4 டிகிரிதானே என்று விடமுடியாது. நாம் அளக்கும் வித்தியாசமே 5 டிகிரி. அதில் 0.4 என்றால் 8 சதவீதப் பிழை. வித்தியாசம் 3 டிகிரியாக இருக்கும் வீட்டில் 13 சதவீதம். சோடியாகச் சோதித்துத் தரப்படும் சென்சார்களை வாங்கி, குழாய்க்குள் நீர் தொடும்படி பொருத்திய பிறகே எழுதத் தொடங்கினேன். அளக்க விரும்பும் எவரும் முதலில் இந்தப் பாத்திரச் சோதனையைச் செய்துவிட வேண்டும் என்பேன். மின்சாரத்தின் பக்கமும் இதேபோல ஒரு கண்ணி உண்டு. கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை மட்டும் அளந்து, மின்னழுத்தத்தை ஊகித்துப் பெருக்கும் மலிவான கருவிகள், இயந்திரம் சும்மா நிற்கும் நேரத்தில் உண்மையான செலவைவிட அதிகமாகவே காட்டும். அப்போது மின்னோட்டமும் மின்னழுத்தமும் ஒரே தாளத்தில் ஓடுவதில்லை என்பதுதான் காரணம்.

இனி அக்கா வீடு. அவருடைய இயந்திரத்தில் உண்மையான வெப்ப மீட்டர் ஒன்றை அந்த நிறுவனமே உள்ளே வைத்துத் தந்திருக்கிறது. சுற்றுப் பம்பும் துணைச் சூடேற்றியும் கணக்கில் சேர்கின்றன, பனி உருக்கும் வெப்பம் கழிகிறது. அவருடைய 3.4 உண்மையான 3.4. என் மீட்டர்களை அங்கே ஒரு மாதம் வைத்துப் பார்த்ததில் அது தேறியது. அவர் வீட்டில் இருப்பவை பழைய ரேடியேட்டர்கள். அந்த மாதம் குழாயில் சென்ற நீரின் சராசரி 45 டிகிரி. என் வீட்டில் தரைக்கு அடியில் குழாய்கள், சராசரி 33 டிகிரி. இருவரும் அளந்த மாதங்களில் வெளிக்காற்றின் சராசரி 4 டிகிரி. அவர் 41 டிகிரி ஆழத்திலிருந்து இறைத்திருக்கிறார், நான் 29 டிகிரியிலிருந்து. கார்னோ வரம்பு அவருக்கு 7.8, எனக்கு 10.6. அவருடைய இயந்திரம் வரம்பில் 44 சதவீதத்தைத் தொட்டிருக்கிறது. என்னுடையது 32 சதவீதம்.

இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டியபோது அக்கா உடனே நம்பவில்லை. ஒருமுறை அவரே வகுத்துப் பார்த்தார். "அப்படியென்றால் உன்னுடையதில்தான் ஏதோ கோளாறு" என்றார். அவர் சொன்னது சரி. என் வீட்டுக்குத் தேவையானதைவிடப் பெரிய இயந்திரத்தைப் பொருத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். மிதமான குளிரில் அதன் மிகக் குறைந்த வேகமே என் வீட்டுக்கு அதிகம். எட்டு நிமிடம் ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. ஒவ்வொரு தொடக்கத்திலும் முதல் சில நிமிடங்களின் மின்சாரம் வீண். திரையில் 4.3 ஒளிர்ந்துகொண்டிருந்தவரை நான் இதைத் தேடவே இல்லை. நல்ல எண் ஒன்று நோயை மறைத்துவைத்திருந்தது. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். அக்காவைப் போல, நல்ல இயந்திரத்தை வைத்துக்கொண்டு தவறு செய்துவிட்டோம் என்று நொந்துகொள்பவர்களும் இருப்பார்கள். என்னைப் போல, கோளாறை வைத்துக்கொண்டு பெருமைப்படுபவர்களும் இருப்பார்கள். இருவருக்கும் தேவையானதைச் சொல்லக்கூடிய இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள்.

"ஆய்வகச் சோதனை இருக்கிறதே, முத்திரை ஒட்டித்தானே விற்கிறோம்" என்று நீங்கள் சொல்லலாம். அந்த முத்திரையை நான் மதிக்கிறேன். ஒரே நிபந்தனையில் வைத்துச் சோதித்த இயந்திரங்களை ஒப்பிட அது உதவும். ஐரோப்பியத் தரநிலையான இஎன் 14825, ஸ்ட்ராஸ்பர்க், ஏதென்ஸ், ஹெல்சிங்கி ஆகிய மூன்று நகரங்களின் காலநிலையை மாதிரியாக வைத்துப் பருவச் சராசரியைக் கணக்கிடுகிறது. ஆனால் சோதனையின்போது கம்ப்ரசர் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்ற அமைப்பைத் தருவது நீங்கள்தான். வீட்டில் அதை முடிவு செய்வது இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பலகை. இன்னொரு ஐரோப்பியத் தரநிலையான இஎன் 14511 சோதனையில், சுற்றுப் பம்பின் மின்சாரத்தில் இயந்திரத்துக்குள் நீரைத் தள்ளுவதற்கான பங்கு மட்டுமே சேர்கிறது, வீடு முழுவதும் தள்ளுவதற்கானது சேர்வதில்லை. இதையெல்லாம் யாரும் மறைக்கவில்லை, தரநிலையில் எழுதியே இருக்கிறது. ஆனால் விளம்பரத் தாளில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, தன் வீட்டு மின்கட்டணத்தை அதால் வகுத்துப் பார்க்கும் குடும்பத்துக்கு இது எப்படித் தெரியும்?

அதற்கும் மேல் ஒரு குழப்பம். 2013இல் வந்த ஐரோப்பிய விதியின்படி முத்திரையோடு தரப்படும் தகவல் தாளில் பருவச் செயல்திறன் சதவீதமாக வருகிறது. அந்தச் சதவீதம் 2.5ஆல் வகுக்கப்பட்டது. மின்நிலையத்தில் எரியும் எரிபொருளையும் கணக்கில் கொள்ளும் ஏற்பாடு அது. பருவச் சராசரி 4.0 உள்ள காற்று ஹீட் பம்புக்கு 160 வந்து, அதிலிருந்து கட்டுப்பாட்டுக்கென 3 கழிந்து, 157 சதவீதம் என்று நிற்கிறது. அமெரிக்காவிலோ எச்எஸ்பிஎஃப் என்ற அளவு. அங்கே வெப்பம் பிடியு (BTU) என்ற அலகில், மின்சாரம் வாட்-மணியில். 10 என்றால் உள்ளபடி 2.9 தான், 3.412ஆல் வகுக்க வேண்டும். 2023 முதல் அங்கே சோதனை முறையும் மாறி, எச்எஸ்பிஎஃப்2 என்றாகிவிட்டது. பழைய தாளையும் புதிய தாளையும் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிடுபவர், ஒரே இயந்திரத்தையே இரண்டு இயந்திரங்கள் என்று எண்ணிவிடலாம். 4, 157, 10 என்று மூன்று எண்களைக் காட்டி எது பெரியது என்று கேட்டால் எந்தக் குழந்தையும் 157 என்றுதான் சொல்லும்.

எதையெல்லாம் கணக்கில் சேர்ப்பது என்ற எல்லையை வரையறுக்கும் வேலையை நீங்கள் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. செபெமோ என்ற ஐரோப்பியத் திட்டம் நான்கு எல்லைகளை ஏற்கெனவே வகுத்துவைத்திருக்கிறது. எச்1 என்றால் கம்ப்ரசரும் அதன் கட்டுப்பாடும் மட்டும். எச்2இல் வெளிப்பெட்டியின் விசிறி, அல்லது மண்ணிலிருந்து வெப்பம் எடுப்பதாக இருந்தால் அந்தப் பம்பு, சேர்ந்துகொள்ளும். எச்3இல் துணை மின்சூடேற்றி. எச்4இல் வீட்டுக்குள் வெப்பத்தைக் கொண்டுசேர்க்கும் பம்புகளும் விசிறிகளும். ஒரே வீட்டில் ஒரே மாதத்தில் இந்த நான்குக்கும் நான்கு விடைகள் வரும். நான்கும் சரியான விடைகள். எந்த விடை என்று சொல்லாமல் இருப்பதுதான் தவறு. 4.3 என்பதற்குப் பக்கத்தில் 'எச்2, பனி உருக்கம் கழிக்கப்படவில்லை' என்று சிறிய எழுத்தில் இருந்திருந்தால்கூட அக்காவிடம் அன்று அந்தச் சொல்லைக் கேட்டிருக்கமாட்டேன்.

வீடுகளில் நடப்பதை முறையாக அளந்தவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் சூரிய ஆற்றல் ஆய்வு நிறுவனம் பழைய கட்டடங்களில் ஹீட் பம்புகளை அளந்து 2020இல் முடிவுகளை வெளியிட்டது. காற்றிலிருந்து வெப்பம் எடுப்பவற்றின் ஆண்டுச் சராசரி 3.1. ஆனால் வீட்டுக்கு வீடு 2.5 முதல் 3.8 வரை இருந்தது. மண்ணிலிருந்து எடுப்பவற்றுக்குச் சராசரி 4.1. அந்த 2.5க்கும் 3.8க்கும் இடையில் இயந்திரம் மட்டுமா இருக்கிறது? குழாய் நீரின் வெப்பநிலை, ரேடியேட்டரின் அளவு, பொருத்தியவரின் கவனம், வெந்நீருக்கு எவ்வளவு போகிறது எல்லாமே இருக்கின்றன. குழாய் நீரை ஒரு டிகிரி குறைத்தால் ஏறத்தாழ 2 முதல் 3 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பதை உங்கள் பொறியாளர்களே ஒப்புக்கொள்வார்கள். அந்த ஒரு டிகிரியைக் குறைத்துப் பார்க்க ஒரு குடும்பத்துக்குத் துணிவு வர வேண்டுமென்றால், குறைத்ததன் பலன் அடுத்த வாரமே திரையில் நம்பும்படி தெரிய வேண்டும்.

வெந்நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. குளிக்கும் தொட்டி நீரை 50 டிகிரிக்கும், கிருமி கொல்ல அவ்வப்போது 60 டிகிரிக்கும் ஏற்றும்போது ஆழம் கூடுகிறது, விகிதம் இறங்குகிறது. ஐந்து பேர் குளிக்கும் வீட்டையும் ஒருவர் குளிக்கும் வீட்டையும் ஒரே எண்ணால் ஒப்பிடுவது நியாயமில்லை. வீட்டைச் சூடாக்கியதற்கு ஒரு கணக்கு, வெந்நீருக்கு ஒரு கணக்கு என்று பிரித்துக் காட்டுவதில் என்ன கஷ்டம்? எந்த நேரம் எந்தப் பக்கம் நீர் போகிறது என்பது உங்கள் வால்வுக்குத் தெரியுமே.

நீர் இல்லாமல் நேரடியாகக் காற்றைச் சூடாக்கித் தரும் பெட்டிகளின் நிலை இன்னும் கடினம் என்பதை ஏற்கிறேன். குழாயில் லிட்டர் கணக்கை அளப்பது போல அறைக்குள் வீசும் காற்றை வீட்டில் துல்லியமாக அளக்க வழியில்லை. அங்கே மின்சாரத்தையும் வெளி வெப்பநிலையையும் நேர்மையாகப் பதிவு செய்து கொடுத்தாலே போதும். இல்லாத துல்லியத்தோடு ஒரு விகிதத்தை இரண்டு தசமத்துக்குக் காட்ட வேண்டாம்.

இவ்வளவு சொன்ன பிறகும், விகிதம் ஒன்றையே துரத்தும்படி மக்களைப் பழக்கிவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஆண்டுக்கு 12,000 யூனிட் வெப்பத்தை 4 என்ற விகிதத்தில் வாங்கும் வீடு 3,000 யூனிட் மின்சாரத்துக்குக் கட்டணம் கட்டுகிறது. சன்னல் இடுக்குகளை அடைத்து 9,000 யூனிட் வெப்பத்தில் காலம் தள்ளும் வீடு, விகிதம் 3.6 ஆனாலும், 2,500 யூனிட்டுக்குத்தான் கட்டுகிறது. யார் நன்றாக வாழ்கிறார்கள்? அதேபோல மிதமான குளிர்காலம் வந்தால் விகிதம் தானாகவே ஏறும். போன ஆண்டு செய்த மாற்றம்தான் காரணம் என்று நினைத்துக்கொள்வோம். வெளி வெப்பநிலையின் சராசரி பக்கத்தில் இல்லாத ஓர் ஆண்டுக் கணக்கை முந்தைய ஆண்டோடு ஒப்பிடவே கூடாது.

உங்களிடம் கேட்பவற்றை ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். நீர் ஓடும் ஒவ்வொரு ஹீட் பம்பிலும் பொருத்தும்போதே சோதிக்கப்பட்ட வெப்ப மீட்டர் ஒன்று இருக்க வேண்டும். பம்பின் வேகத்தைப் பார்த்து நீரோட்டத்தை ஊகிக்கும் மென்பொருளை வைத்திருந்தால் 'இது மதிப்பீடு' என்று திரையில் எழுதுங்கள். பனி உருக்க எடுத்த வெப்பத்தைக் கழியுங்கள். குழாயில் என்ன கலவை இருக்கிறது என்று பொருத்துபவர் பதிவு செய்ய இடம் கொடுங்கள். விகிதம் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் எல்லையும், வெளிக்காற்றின் சராசரியும், செல்லும் நீரின் சராசரியும் அதே அளவு எழுத்தில் கூட வரட்டும். விற்கும் தாளில் அதிகபட்சத் திறனை மட்டும் பெரிதாகப் போடாமல், வெளியே 7 டிகிரி இருக்கும்போதும் 12 டிகிரி இருக்கும்போதும் இயந்திரம் எவ்வளவு குறைவாக இறங்கி ஓட முடியும் என்பதையும் போடுங்கள். அந்த ஒரு வரி இருந்திருந்தால் என் வீட்டுக்கு இவ்வளவு பெரிய பெட்டி வந்திருக்காது.

இன்னொன்று, எனக்கு இதுதான் மனதுக்கு மிக நெருக்கமானது. என் வீட்டில் என் மின்சாரத்தில் ஓடும் இயந்திரம் மணிக்கு மணி பதிவு செய்யும் விவரம் என்னிடம் இல்லை. அது உங்கள் கணினிகளுக்குப் போகிறது. நான் கேட்டபோது, மாதக் கணக்கு மட்டுமே வாடிக்கையாளருக்குத் தரமுடியும் என்று பதில் வந்தது. எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை நின்று ஓடும் கோளாறு மாதக் கணக்கில் எப்படித் தெரியும்? அதை நான் கண்டுபிடித்தது இருட்டில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்து. அந்தப் பதிவை எளிய ஒரு கோப்பாக வீட்டுக்காரர் எடுத்துக்கொள்ளும்படி திறந்துவிடுங்கள். இணைய இணைப்பு இல்லாமலும், நிறுவனமே நாளை இல்லாமல் போனாலும் எடுக்கக்கூடியதாக இருக்கட்டும். அதை வைத்துக்கொண்டு மக்கள் உங்களைக் குறை சொல்வார்கள் என்று அஞ்ச வேண்டாம். பெரும்பாலும் தங்கள் வீட்டைத்தான் திருத்திக்கொள்வார்கள். நான் திருத்திக்கொண்டேன்.

குழாய் நீரைப் படிப்படியாக 33 டிகிரியிலிருந்து 30க்கு இறக்கினேன். அறைக்கு அறை வைத்திருந்த தானியங்கி வால்வுகளை முழுதாகத் திறந்துவிட்டேன். நீர் தடையில்லாமல் எல்லாப் பக்கமும் ஓடியது, இயந்திரம் எட்டு நிமிடத்துக்குப் பதிலாக அரைமணி நேரம் தொடர்ந்து ஓடத் தொடங்கியது. குளிர்காலத்தின் கடைசி மாதத்தில் என் மீட்டர்களின்படி 3.9 வந்தது. வெளிக்காற்றும் 2 டிகிரி கூடியிருந்ததால் இதில் பாதிப் பெருமை வானிலைக்குச் சேர வேண்டும். அக்காவிடம் சொன்னபோது அதையும் சேர்த்தே சொன்னேன். அவர் இப்போது இரண்டு அறைகளின் ரேடியேட்டர்களைப் பெரிதாக மாற்றிவிட்டு, அடுத்த குளிருக்கு 45 டிகிரியை 41க்கு இறக்கிப் பார்க்கப்போகிறார். என் நோட்டுப் புத்தகத்தில் அவருக்கென ஒரு பக்கம் கோடு போட்டு வைத்திருக்கிறேன். வெளிக்காற்று, செல்லும் நீர், வெப்பம், மின்சாரம் என்று நான்கு பத்திகள். உங்கள் பொறியாளர்களில் எவர் கேட்டாலும் அந்தப் புத்தகத்தின் நகலை முழுவதுமாகத் தரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் இயந்திரத்தால் வீட்டைச் சூடாக்கிக்கொள்ளும் ஒரு வாடிக்கையாளர்